ஆமினா வீட்டு நிலைவாசல்

1

போன வாரம் ராஜபாளையத்தில் இருக்கும் என் தம்பியோடு பேசினேன். இங்கே வட ஈராக்கில் சுலைமானியாவில் வீட்டுக்கு வீடு போன் கிடையாது. எங்கள் நிவாரண அலுவலகத்தில் ஒரு சாட்டிலைட் போன் இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஊருக்குப் பேச விடுவார்கள். தம்பி பஞ்சு மார்க்கெட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் வந்து காத்திருப்பான்.

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எல்லாம் ஆன பிறகு என் மகளிடம் போனைக் கொடுத்தேன். மாமா நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்டிருக்கிறான். அவள் "பலே" என்றாள். தமிழ் வருகிறதா என்று கேட்டிருக்கிறான். அதற்கும் "பலே". குர்திஷில் பலே என்றால் ஆமாம். அவனுக்கு அது எங்கே தெரியும்? என்ன கேட்டாலும் இந்தச் சிறுக்கி என்னைப் பாராட்டுகிறாளே என்று குழம்பிப் போனான். நான் போனை வாங்கி விளக்கம் சொல்லி முடித்ததும் அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, பிள்ளைக்குத் தமிழே மறந்து போச்சு. சண்டை நடந்து பாழாப்போன ஊர்ல அப்படி என்னதான் இருக்கு ஒனக்கு? பேசாம வந்து சேரு" என்றான்.

பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. போனதே நல்லது. அவன் கேட்டதற்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்ல முடியாது. அவன் ஒருவனா கேட்கிறான்? லீவில் ஊருக்குப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் பிரகாரத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாருமே அதைத்தான் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

2

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் பிட்டர் வேலை. அதனால் வளர்ந்தது அங்கே. நர்ஸ் வேலைக்குப் படித்தேன். என் கணவர் மகாராஜபுரத்துக்காரர். அவர் சொந்தத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம், இல்லாவிட்டால் போலீஸ். இவர் மட்டும் கட்டட டிப்ளமா படித்துவிட்டு சிமென்ட் மூட்டையோடு போராடப் போனார். ஆனாலும் மிடுக்குக்குக் குறைச்சல் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

எண்பதுகளின் நடுவில் இரண்டு பேருக்கும் ஈராக்கில் வேலை கிடைத்தது. எனக்கு சுலைமானியாவில் ஆஸ்பத்திரி வேலை. அவருக்கு ரோடு போடுகிற கம்பெனி. வந்த பிறகுதான் தெரிந்தது, இது அரபிகள் ஊர் இல்லை, குர்துகள் ஊர். வேறு பாஷை, வேறு சாப்பாடு, வேறு கோபம்.

மகள் பிறந்தது எண்பத்தெட்டில். அந்த வருஷம்தான் பாக்தாத் சர்க்காரின் பட்டாளம் மலைக் கிராமங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்தது. வீடுகளை வெடி வைத்து இடித்தது, ஊற்றுகளின் மேல் சிமென்டைக் கொட்டியது. ஆண்களைத் தனியாகப் பிரித்து லாரிகளில் ஏற்றியது. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சிய பெண்களையும் பிள்ளைகளையும் சமவெளியில் வரிசையாகக் கட்டிய முகாம் ஊர்களில் அடைத்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பது யார் வைத்த ஆளோ என்ற பயம். நானும் கேட்க மாட்டேன். ஊசியைப் போட்டுவிட்டுக் கையைச் செத்த நேரம் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தொண்ணூறில் குவைத் சண்டை வந்ததும், கட்டியிருந்த துணியோடு அம்மான் வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். இவர் ராஜபாளையத்தில் மில் கட்டட வேலைகளை எடுத்துச் செய்தார். பிழைப்புக்குப் பஞ்சமில்லை. அதற்குள் இங்கே வடக்குப் பகுதி பாக்தாத் கையை விட்டுப் போனது, ஜனங்கள் மலைக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு டாக்டர், தங்கள் நிவாரண அமைப்புக்கு நர்சும் வேண்டும், வீடு கட்டத் தெரிந்த ஆளும் வேண்டும், வருகிறீர்களா என்று எழுதினார்.

எங்க அம்மா அழுதே விட்டாள். எரியுற வீட்டில் எவளாவது போய்க் குடியிருப்பாளா என்று கேட்டாள்.

"எரிஞ்சு முடிஞ்சிருச்சு அத்தை. இப்பக் கட்டத்தான் போறோம்" என்றார் இவர். அந்த ஒரு பேச்சுக்காக அந்த மனுஷனுக்கு நூறு தப்பு மன்னிக்கலாம். மன்னித்தும் இருக்கிறேன், இனிமேல் வருகிறது பாருங்கள்.

3

எங்களுக்குக் கொடுத்த கிராமம் ஒரு மலைச்சரிவில் இருந்தது. அதன் பேரைச் சொன்னாலும் நீங்கள் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது. அங்கிருந்தும் அழித்துவிட்டார்கள். நாங்கள் போனபோது கல் குவியலும், கருகிப்போன வாதுமை மரங்களும்தான். ஜனங்கள் டெண்டில் இருந்தார்கள். ஊற்றின் மேல் கிடந்த சிமென்டை அவர்களே கடப்பாரையால் உடைத்துத் தண்ணீரை வெளியே கொண்டு வந்துவிட்டார்கள். எங்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு குவளை குடிக்கக் கொடுத்தார்கள். தன் ஊர்ப் பக்கத்துப் பிளவக்கல் அணைத் தண்ணீரைவிட ருசியாக இருக்கிறது என்று இவர் என் காதில் சொன்னார். மகாராஜபுரத்துக்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசுப்பட்டது இல்லை.

அவர்கள் பேசுவதை இங்கே நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் என் காதுக்கு அது அப்படித்தான் விழுகிறது. அண்ணனைக் காக்கா என்பார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. காயல்பட்டினத்திலும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்று நினைத்த பொறவு அடங்கிவிட்டது. ஊர்த்தலைவர் ஹமீத் காக்கா, ஒல்லியான ஆள், எதற்கும் அவசரப்பட மாட்டார். இங்கே மிஞ்சிய மற்ற ஆண்களைப் போல அவரும் லாரி வருவதற்குள் மலையேறி ஈரான் பக்கம் தப்பியவர்.

இவர் முதல் நாளே காகிதத்தை விரித்து, சரிவான தகரக் கூரை போட்ட வீடுகள் வரைந்து காட்டினார். பனி வழுக்கி விழுந்துவிடும், சீக்கிரம் முடியும், செலவும் கம்மி. ஹமீத் காக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு முஹந்திஸ். இந்தத் தகரத்து மேல என் பொண்டாட்டி எங்க நின்னு துணி காயப்போடுவா?"

முஹந்திஸ் என்றால் என்ஜினியர். என்ஜினியருக்கு ஒன்றும் புரியவில்லை. காக்கா எங்களைச் சரிவுக்குக் கூட்டிப்போய் இடிபாட்டைக் காட்டினார். அந்த ஊர் கொலுப்படி மாதிரி. கீழ்வீட்டின் மொட்டைக் கூரைதான் மேல்வீட்டின் முற்றம். அதற்கும் மேல்வீட்டுக்கு இந்த வீட்டுக் கூரை முற்றம். இப்படியே உச்சி வரைக்கும். உங்கள் கூரை மேல் இன்னொருத்தி கோதுமை காயப்போடுவாள், அவள் பிள்ளைகள் உங்கள் தலைக்கு மேல் ஓடிப்பிடித்து விளையாடும். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கக் கூடாது. நெட்டிலிங்க மரம் மாதிரி நெடுநெடுவென்று வளருகிற ஒரு மரத்தை வெட்டி உத்தரம் போடுவார்கள். அதன் மேல் சுள்ளி, தழை, மண். மழையும் பனியும் பெய்த பிறகு கல் உருளையை உருட்டி மண்ணை இறுக்குவார்கள். வீடெல்லாம் தூளாகிப் போயும் அந்த உருளைகள் மட்டும் உடையாமல் கிடந்தன. அதை வைத்துத்தான் யார் வீடு எங்கே இருந்தது என்று கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் கட்டுவதும் கீழிருந்துதான் கட்ட வேண்டும். அடிவீடு எழும்பினால்தான் அடுத்த வீட்டுக்கு முற்றம். அந்த அடிவீடு ஆமினாவுடையது.

4

ஆமினாவுக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் ரஷீத்தை லாரியில் ஏற்றியதை அவள் கண்ணால் பார்த்தவள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வீடு கட்ட உத்தரமும் சாமானும் வேண்டுமென்றால் குடும்பத் தலைவன் கையெழுத்துப் போட வேண்டும். அவன் இறந்திருந்தால் மனைவி விதவை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆமினா இரண்டும் முடியாது என்றாள். அவர் இங்கே இல்லாதபோது அவருக்காக நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? செத்தார் என்று யார் என்னிடம் சொன்னார்கள்? இதுதான் அவள் கேள்வி. அதிகாரி நல்ல மனுஷன்தான். ஆனால் அவருடைய காகிதத்தில் இரண்டு கட்டம்தான் இருந்தது, மூன்றாவது கட்டத்தை அவரால் வரைய முடியாது. நான் மூன்று தடவை மல்லுக்கட்டிப் பார்த்தேன். கடைசியில் சண்டையே போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வந்து ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். முட்டிக்கொண்டு அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஹமீத் காக்கா தேநீரை ஊதிக் குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் தனக்கு வந்த உத்தரத்தில் ஒன்றைத் தோளில் சுமந்துவந்து ஆமினாவின் இடத்தில் போட்டான். உத்தரம் ஒன்று குறைந்தால் அவனவன் வீடு அந்த அளவுக்குச் சின்னதாகும். தெரிந்துதான் போட்டார்கள். எங்கள் தெருவில் சுவர் ஒரு ஜாண் தள்ளி வந்துவிட்டதென்று அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

5

சுவர் எழும்பியது. தூரத்து மலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குள் அடிவீட்டுக் கூரை போட்டால்தான் மேலே உள்ளவர்கள் கட்ட முடியும். இல்லையென்றால் ஊர் மொத்தமும் பிள்ளைகுட்டிகளோடு டெண்டில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். போன குளிரில், நாங்கள் வந்த புதிதில், டெண்டில் மூன்று குழந்தைகள் போய்விட்டன. அதில் ஒன்று என் மடியில்தான் போனது. அதனால் எல்லாரையும்விட அவசரம் எனக்குத்தான்.

நிலை வைக்கிற நாள் வந்தது. எங்க வீட்டுக்காரருக்கு நிலை வைப்பது என்றால் சடங்கு இல்லாமல் ஆகாது. நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு எனக்குக்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். நான் பக்கத்து டெண்டில் ஒருத்தி காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், ஆமினாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஹமீத் காக்காவின் மனைவி ஷிரினை அழைத்து நிலைக்கு மஞ்சள் பூசச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஷிரின் என்னமோ இந்தியச் சடங்கு என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறாள்.

ஆமினா, தன் வீட்டு நிலையை ஏன் ஷிரின் தொட வேண்டும் என்று கேட்டாள். அவரும் தனக்குத் தெரிந்த அரைகுறைக் குர்திஷில், மறைக்காமல், எங்கள் ஊரில் புருஷன் இருக்கிறவள்தான் தொட வேண்டும், அதுதான் வீட்டுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். அவள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியத்துக்குத்தான் மருந்தே இல்லை.

ஷிரின் கையை இழுத்துக்கொண்டாள். கல் தூக்கியவர்கள் கல்லைக் கீழே வைத்தார்கள். ரஷீத் இல்லை என்று நான்கு வருஷமாக அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை மகாராஜபுரத்துக்காரர் வந்து சொல்லிவிட்டார்.

ஆமினா நிலை வைக்க வேண்டிய இடத்தில், வாசலுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு வேலை நின்றது. மறுநாளும் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று அவளிடம் சொல்ல ஹமீத் காக்காவாலும் முடியாது. உத்தரங்கள் அடுக்கினபடி கிடந்தன. மலையில் வெள்ளை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

இவர் சாப்பிடவில்லை. "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று ஒரு தடவை கேட்டார். நான் பார்த்த பார்வையில் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

6

மூன்றாம் நாள் மத்தியானம் நான் போய் ஆமினாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சமாதானம் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்ததும் எங்க அத்தை கதைதான் வந்தது.

ராஜபாளையத்தில் நாங்கள் வீடு கட்டியபோது சுவருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியது அப்பாவின் தங்கை ரெங்கநாயகி அத்தை. செங்கல் இறக்கினது, கொத்தனாருக்குச் சமைத்துப் போட்டது எல்லாம் அவள். கல்யாணமான மறுவருஷமே மாமா பாம்பு கடித்துப் போய்விட்டார். நிலை வைக்கிற அன்று தெருவெல்லாம் சுமங்கலிகள் வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்காகூட மஞ்சள் பூசினாள். அத்தையை மட்டும் மாட்டுத்தொழுவத்தில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் போன பிறகு அவள் வெளியே வந்து, "நிலை நேரா நிக்கிதா?" என்று கேட்டாள். எனக்குப் பத்து வயது. நான்தான் நிற்கிறது அத்தை என்று சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஆமினா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேற ஒண்ணுமே சொல்லலையா அவ?"

"சொல்லலை."

"நான் சொல்லுவேன்" என்றாள்.

பிறகு, கிட்டத்தட்டச் சிரிப்போடு, ரஷீத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஆள் நல்ல உயரமாம். மலையூர் வீடுகளின் வாசல் குட்டை, குளிர் உள்ளே வரக்கூடாது என்று அப்படி வைப்பார்கள். அவன் தினமும் நிலையில் தலையை இடித்துக்கொள்வானாம். இடித்ததும் நிலையை வைதுவிட்டு, அடுத்த வசந்தத்தில் இதை உயர்த்திக் கட்டுகிறேன் என்பானாம். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வசந்தமும் அதே பேச்சு. பட்டாளம் வந்து வெளியே கூப்பிட்டபோதும், அவசரத்தில் இடித்துக்கொண்டுதான் போனானாம்.

எழுந்து நின்றாள். நேராக என் கணவரிடம் போனாள்.

"முஹந்திஸ், நிலையை ஒரு ஜாண் ஒசத்து. அவர் வந்தா குனியக் கூடாது."

7

இவர் தலையைச் சொறிந்தார். பயந்துபோய்ச் சொறிந்தார் என்றே சொல்ல வேண்டும். ஒரு ஜாண் என்பது ஒரு ஜாணோடு நிற்காது. நிலைக்கு மேலேயே உத்தரம். நிலை உயர்ந்தால் சுவர் உயர வேண்டும், கூரையும் உயரும். ஆமினாவின் கூரைதான் ஹமீத் காக்கா வீட்டு முற்றம். முற்றம் உயர்ந்துவிட்டால் பனி உருகின தண்ணீர் நேரே அவர் வீட்டுக்குள் போகும், அதனால் அவர் வாசற்படியையும் உயர்த்த வேண்டும். அவர் உயர்த்தினால் அவருக்கு மேலே இருப்பவன். இப்படியே உச்சி வரைக்கும் எல்லாரும் போட்ட அஸ்திவாரத்தின் மேல் இன்னும் ஒரு வரிசைக் கல் ஏற்ற வேண்டும். அதுவும் பனி கண்ணுக்குத் தெரிகிறபோது, திரும்பி வருவானா என்று தெரியாத ஒருத்தனுக்காக.

இதை எல்லாம் அவர் எண்ணி எண்ணிச் சொன்னார், அவருடைய குர்திஷ் அன்றைக்கு மட்டும் ஒரு பிழை இல்லாமல் வந்தது. ஊர் மொத்தமும் நின்று கேட்டது. ஆமினா யார் முகத்தையும் பார்க்கவில்லை. இவர்கள் முடியாது என்று சொன்னால் அது நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு அந்தப் பெண் எங்கே போய் உட்காருவாள்?

ஹமீத் காக்கா மலையைப் பார்த்தார். "கல்லுக்கா பஞ்சம்?" என்றார்.

அதற்குள் ஷிரின் முன்னால் வந்துவிட்டாள். முந்தாநாள் சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டவள் அவள்தான்.

"வாசப்படியை மட்டும் ஒசத்தினாப் போதுமா? எங்க நிலையையும் ஒசத்துங்க. ரஷீத் வந்தா அவ வீட்டுக்குள்ளயே இருந்திருவானா? எங்க வீட்டுக்கும் டீ குடிக்க வருவானுல்ல. அங்க மட்டும் குனியணுமா?"

அவ்வளவுதான். ஒருத்தன் போய்க் கல்லைத் தூக்கினான். அவன் பின்னால் இன்னொருத்தன். பெண்கள் மடியில் சிறு கல்லை அள்ளினார்கள். நான் கட்டுத்துணிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மண் குழைத்தேன். இவர் குறுக்கும் நெடுக்கும் ஓடி நூல் பிடித்தார், வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். இந்த ஜனங்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று இனி ஒருத்தர் என் முன்னால் சொல்லட்டும், நான் விட மாட்டேன்.

நிலையைத் தூக்கி நிறுத்தியதும் ஆமினா இவர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"புருஷன் இருக்கிறவ தொடணும்னுதான சொன்ன? கொண்டா அந்த மஞ்சளை."

இவர் இரண்டு கையாலும் கொடுத்தார். எங்க அம்மாவுக்குக்கூட அவர் அப்படிக் குனிந்து எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆமினா குதிகாலை உயர்த்தி நின்றுகொண்டு, எட்டின உயரத்துக்கு நிலை முழுக்க மஞ்சள் பூசினாள். உச்சி எட்டவில்லை. ஷிரின் அவளைத் தூக்கிப் பிடித்தாள்.

பனி விழுவதற்கு முன்னால் எல்லா வீட்டு நிலையையும் உயர்த்தி வைத்து, எல்லாக் கூரையும் போட்டு முடித்தோம். வருஷம் பல ஆகிவிட்டது. ரஷீத் இன்னும் வரவில்லை. அந்த ஊரில் மட்டும் எந்த வீட்டுக்குள் நுழையவும் யாரும் தலை குனிய வேண்டியதில்லை.